மரப்பலகையும் இரண்டு அங்குல மெத்தையும்: மது தண்டவதே என்ற ரயில்வே அமைச்சர்



ஓர் அமைச்சரைப் பற்றி எமது ஊர்களில் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "அவர் ஊருக்கு என்ன கொண்டு வந்தார்?" என்பதுதான். வீதி, பாலம், பாடசாலைக் கட்டடம், அரச வேலை என்று பட்டியல் போட்டுத்தான் நாம் ஆளை எடை போடுகிறோம். அந்தக் கேள்வியில் பிழையில்லை. கவனிக்கப்படாமல் கிடக்கும் பகுதி மக்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

ஆனால் அந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தியா கண்ட மிகச் சிறந்த ரயில்வே அமைச்சர்களில் ஒருவர் பூச்சியப் புள்ளிதான் எடுப்பார். இரண்டு வருடங்களுக்கு மேல் அந்த நாட்டின் எல்லா ரயில்களுக்கும் அவரே பொறுப்பு. அந்தக் காலம் முழுவதும் அவருடைய சொந்தத் தொகுதியில் ஒரு ரயில் நிலையம்கூட இருக்கவில்லை. பதவியை விட்டு இறங்கிய நாளிலும் இருக்கவில்லை.

அவர் பெயர் பேராசிரியர் மது தண்டவதே. பெயரிலேயே தண்டவாளம் ஒலிக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்மையில் அது ஒரு மராத்திக் குடும்பப் பெயர்.

1924 ஜனவரி 21ஆம் திகதி மகாராஷ்டிராவின் அகமத்நகரில் பிறந்தார். பம்பாயில் பௌதிகவியல் படித்து முதுமாணிப் பட்டம் பெற்றார். பிறகு அந்நகரின் சித்தார்த் கல்லூரியில் பௌதிகவியல் விரிவுரையாளராகச் சேர்ந்து, பிற்காலத்தில் உப அதிபராகவும் இருந்தார். சித்தார்த் கல்லூரி என்பது டாக்டர் அம்பேத்கரின் மக்கள் கல்விச் சங்கம் 1946இல் தொடங்கிய கல்லூரி. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கும் வேலை செய்துகொண்டே படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வியின் கதவைத் திறந்த இடம் அது. 1971இல் பாராளுமன்றம் போகும்வரை அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். பேராசிரியர் என்ற அடைமொழி கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அரசியலில் அவர் சோசலிசவாதி. இளம் வயதில் 1942இன் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் கலந்துகொண்டார். இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகும் கோவா போர்த்துக்கேயர் கையிலேயே இருந்தது. அதை விடுவிக்கக் கோரி 1955இல் நடந்த சத்தியாக்கிரகத்தில் ஒரு தொண்டர் அணியைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றார். 1971 பொதுத் தேர்தலில் கொங்கண் கரையோரத்தின் ராஜாபூர் தொகுதியில் வென்று லோக்சபாவுக்குப் போனார். அதன்பின் 1977, 1980, 1984, 1989 எனத் தொடர்ந்து ஐந்து முறை அதே மக்கள் அவரை அனுப்பினார்கள். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாப அலையில் எதிர்க்கட்சிகளின் பெரும் தலைகளெல்லாம் உருண்டபோதும் ராஜாபூர் அவரைக் கைவிடவில்லை.

அவருடைய மனைவி பிரமிளா தண்டவதேயும் அரசியலில் தனக்கென்று ஒரு பெயர் எடுத்தவர். 1980இல் பம்பாயிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், சீதனத் தடைச் சட்டத்தைக் கடுமையாக்கக் கோரித் தனிநபர் சட்டமூலம் கொண்டு வந்தார். சீதனத்தின் சுமையை அறிந்த எமது சமூகம் அந்தப் பெண்ணின் பெயரையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

1975 ஜூன் மாதம் இந்திரா காந்தி அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். பாராளுமன்றக் குழு ஒன்றின் வேலையாக பெங்களூர் போயிருந்த தண்டவதே அங்கேயே கைது செய்யப்பட்டார். அவரோடு கைதானவர்களில் வாஜ்பாயியும் அத்வானியும் இருந்தார்கள். கொள்கையில் எதிரும் புதிருமானவர்கள் ஒரே சிறையில் அடைபட்டார்கள். பிரமிளாவைப் பூனாவின் எரவாடா சிறையில் அடைத்தார்கள். கணவன் ஒரு மாநிலத்தில், மனைவி இன்னொரு மாநிலத்தில் என்று ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழிந்தது. கடிதங்கள் மட்டுமே அவர்களுக்கு இடையில் போய் வந்தன.

1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் இந்திரா காந்தியின் ஆட்சி விழுந்தது. மொரார்ஜி தேசாய் பிரதமரானார். சிறையிலிருந்து வந்த பௌதிகவியல் ஆசிரியர் ரயில்வே அமைச்சரானார்.

அந்த நாட்களில் இந்தியாவில் ரயில்வே அமைச்சர் என்றால் சாதாரணப் பதவியல்ல. ரயில்வேக்கென்று தனி வரவுசெலவுத் திட்டமே பாராளுமன்றத்தில் படிப்பார்கள். அதில் வேலை செய்தவர்கள் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேல். புதிய ரயில் எந்த ஊர் வழியாகப் போகும், எங்கே நிற்கும், எந்த மாவட்டத்தில் தொழிற்சாலை எழும் என்பதெல்லாம் அந்த மேசையில் முடிவாகும். அதனால்தான் அமைச்சர்கள் தங்கள் சொந்த மாவட்டத்துக்கே ரயில்களை அள்ளிப் போகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே காலங்காலமாக உண்டு.

தண்டவதே அந்த மேசையில் அமர்ந்தபோது அவருக்கு முன்னால் இருந்தது ஒரு காயம். 1974 மே 8ஆம் திகதி இந்திய ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். ஜோர்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில், சுமார் 17 இலட்சம் பேர். இயந்திரச் சாரதிகள் மனிதனால் தாங்க முடியாத நேரம் வேலை செய்கிறார்கள், அதை 8 மணித்தியாலமாக்குங்கள், போனஸ் தாருங்கள் என்பவை முக்கியமான கோரிக்கைகள். அரசாங்கம் இரும்புக் கரத்தால் அடக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள். ரயில்வே விடுதிகளிலிருந்து குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன. 20 நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. அடுத்த வருடம் அவசரகாலம் வந்தது. ரயில்கள் இப்போது நேரத்துக்கு ஓடுகின்றன என்று அப்போது பெருமை பேசினார்கள். பயத்தால் ஓடிய ரயில்கள் அவை.

புதிய அமைச்சர் முதலில் தொட்டது இந்தக் காயத்தைத்தான். வேலைநிறுத்தத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களை மீண்டும் வேலைக்கு எடுத்தார். தொழிற்சங்கங்களோடு பகையை வளர்க்காமல் உட்கார்ந்து பேசினார்.

இந்த இடத்தில் நாம் எமது நாட்டை ஒரு கணம் நினைக்காமல் இருக்க முடியாது. மூன்றே வருடங்கள் கழித்து 1980 ஜூலையில் இலங்கையில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் 40,000இற்கும் அதிகமானோரை வேலையிலிருந்து நீக்கியது. அவர்களில் ரயில்வே ஊழியர்களும் அடக்கம். எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது. வேலையில்லாத அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்து நாட்டில் ஓர் அமைச்சர் நீக்கப்பட்டவர்களைத் திரும்ப அழைத்த செய்தி அப்போது பழைய செய்திகூட அல்ல. அதே மாதிரியான ஒரு பிரச்சினைக்கு இரண்டு ஆட்சிகள் கொடுத்த இரண்டு பதில்கள் இவை. வரலாற்றுப் பாடத்தில் இவற்றை அருகருகே வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

அடுத்து, தலைப்பில் சொன்ன மெத்தைக்கு வருவோம்.

இந்தியாவில் ஏழைகளின் ரயில் பயணம் எப்படி இருந்தது என்பதை காந்தி 1917இலேயே ஒரு சிறு நூலாக எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்பின் நெரிசல், அழுக்கு, ஊழியர்களின் அலட்சியம் எல்லாம் அதில் உண்டு. முதலாம் வகுப்புப் பயணிக்குக் கிடைக்கும் வசதிக்கும் மூன்றாம் வகுப்புப் பயணி படும் பாட்டுக்கும் உள்ள இடைவெளி, இருவரும் கொடுக்கும் கட்டணத்தின் இடைவெளியைவிடப் பெரிது என்பது அவருடைய முறைப்பாடு. வெள்ளையர் போனார்கள், சுதந்திரம் வந்தது, கால் நூற்றாண்டும் கடந்தது. 1974இல் 'மூன்றாம் வகுப்பு' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இரண்டாம் வகுப்பு' என்று எழுதினார்கள். பெட்டியின் வெளியே எழுத்து மாறியதே தவிர, உள்ளே இருந்தது அதே மரப்பலகைதான்.

இந்திய ரயிலில் தூரப் பயணம் போனவர்களுக்கு இதன் கனம் விளங்கும். எமது நாட்டில் மட்டக்களப்பிலிருந்து கோச்சி ஏறினால் ஓர் இரவில் கொழும்பு போய்விடலாம். அங்கே பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர். ஓர் இரவு, ஒரு பகல், சில வேளை இன்னோர் இரவும் சேரும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குப் படுக்கைகள். அதில் கைக்குழந்தையோடு ஒரு தாய், சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒரு நோயாளி, ஊருக்குத் திரும்பும் ஒரு கூலித் தொழிலாளி, எல்லோருக்கும் வெறும் பலகை. அதே ரயிலின் முதலாம் வகுப்பில் மெத்தை.

தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குலத் தடிப்பில் ஸ்பொஞ் மெத்தை போடச் சொன்னார். முதலாம் வகுப்பைக் கீழே இறக்குவது தமது நோக்கமல்ல, இரண்டாம் வகுப்பை மேலே தூக்குவதே நோக்கம் என்பது அவருடைய நிலைப்பாடு. முதலில் சன நெருக்கடி கூடிய பாதைகளில் தொடங்கினார்கள். பிறகு மற்றப் பாதைகளுக்குப் பரவியது. 1980களின் கடைசியில் இந்தியாவின் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டிகளில் மெத்தை வழமையாகிவிட்டது. அதற்கிடையில் எத்தனையோ அமைச்சர்கள் வந்து போனார்கள். எவரும் மெத்தையைக் கழற்றிப் பலகைக்குத் திரும்பவில்லை.

இதை ஒரு சின்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இரண்டு அங்குல ஸ்பொஞ்சுக்கு என்ன வரலாறு என்று கேட்கலாம். அரசியலில் பெரிய வேலை எது, சின்ன வேலை எது என்று யார் தீர்மானிப்பது? அணைக்கட்டுக்குத் திறப்பு விழா நடக்கும். மெத்தைக்கு யார் நாடா வெட்டுவார்கள்? அதில் பெயர்ப்பலகை தொங்கவிடவும் முடியாது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாட்டில் இரவுப் பயணம் போன கோடிக்கணக்கான சாதாரண மனிதர்களின் முதுகு அந்த முடிவைத் தொட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் அந்த அமைச்சரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையில் கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் என்ற ரயில் ஓடத் தொடங்கியது. தாகூரின் நூற்பெயரைத் தாங்கிய அந்த ரயிலில் முதலாம் வகுப்பே கிடையாது. வேகமான தூர ரயில், ஆனால் எல்லோரும் ஒரே வகுப்பு. வேகம் என்பது காசுள்ளவனுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்த ரயில் ஓடிக் காட்டியது. ஆசன முற்பதிவைக் கணினிமயமாக்கும் யோசனைக்கும் அவர் காலத்திலேயே அடி எடுத்து வைத்தார்கள். 1980களின் நடுப்பகுதியில்தான் அது டெல்லியில் நடைமுறைக்கு வந்தது. பேரேட்டில் கையால் பெயர் எழுதிய காலத்தில் கருமபீடத்துக்குப் பின்னால் என்னென்ன நடந்திருக்கும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1979 ஜூலையில் மொரார்ஜி அரசாங்கம் உட்பூசலால் கவிழ்ந்தது. தண்டவதேயின் அமைச்சுப் பதவியும் போனது. ராஜாபூருக்கு அப்போதும் ரயில் இல்லை.

இனி அந்தக் கதை. கொங்கண் என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் ஒடுங்கிய கரையோரம். மலை, ஆறு, பள்ளத்தாக்கு, கொட்டும் மழை. ரயில்பாதை போடக் கடினமான நிலம் என்று வெள்ளையர் காலத்திலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். ஊர் இளைஞர்கள் பம்பாயின் துணி ஆலைகளுக்குப் போய் உழைத்து மணியோடர் அனுப்பினார்கள். அந்த மணியோடரில்தான் கொங்கண் வீடுகள் ஓடின. மத்திய கிழக்கிலிருந்து வரும் பணத்தில் ஓடும் வீடுகளை அறிந்த எமக்கு இது புதிய கதையல்ல. அந்த இளைஞன் பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ வீடு திரும்ப வேண்டுமென்றால் பஸ்ஸில் மலைப்பாதை வழியே ஆடி ஆடி வரவேண்டும்.

ராஜாபூரின் முந்தைய எம்.பி. நாத் பாய் கொங்கணுக்கு ரயில் வேண்டும் என்று குரல் கொடுத்தவர். அவர் 1971இல் மறைந்த பின் அந்தக் குரலைத் தண்டவதே ஏற்றுக்கொண்டார். வருடக்கணக்காகப் பாராளுமன்றத்தில் பேசினார். 1986இல் பாதை வடக்கேயுள்ள ரோஹா வரை வந்தது. அதற்குத் தெற்கே பல நூறு கிலோமீற்றர் வெறுமையாகவே கிடந்தது. சாதாரண ஒதுக்கீட்டில் வருடத்துக்குச் சில கிலோமீற்றர் என்று போட்டால் ஒரு தலைமுறை போய்விடும்.

1989 டிசம்பரில் வி. பி. சிங் பிரதமரானார். அந்த அமைச்சரவையில் தண்டவதே நிதியமைச்சர். ரயில்வே அமைச்சர் யார் தெரியுமா? 1974 வேலைநிறுத்தத்தை நடத்திய அதே ஜோர்ஜ் பெர்னாண்டஸ், கொங்கண் கரையின் தெற்கு முனையான மங்களூரில் பிறந்தவர். இருவரும் சேர்ந்து ஒரு புதிய வழி கண்டார்கள். ரயில்வே வரவுசெலவை மட்டும் நம்பியிராமல் இதற்கென்று ஒரு தனிக் கூட்டுத்தாபனம். மத்திய அரசுக்கு 51 வீதம், மகாராஷ்டிராவுக்கு 22, கர்நாடகாவுக்கு 15, கேரளாவுக்கும் கோவாவுக்கும் தலா 6 வீதம் பங்கு. மீதிப் பணத்தைப் பிணைமுறிகள் மூலம் திரட்டுவது. 1990 ஜூலையில் கொங்கண் ரயில்வே கூட்டுத்தாபனம் பதிவானது. பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்றார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. தன் தொகுதிக்கு ரயில் கொண்டு வந்தபோதும் அவர் அதை நான்கு மாநிலங்களின் ரயிலாகவே கொண்டு வந்தார். பம்பாயிலிருந்து கேரளம் வரை போகும் மக்களுக்கு வழி சுருங்கும் என்பதே அந்தத் திட்டத்தின் நியாயம். ராஜாபூர் அந்த வழியில் ஓர் இடம்.

நிதியமைச்சராக இருந்த ஒரு வருடத்துக்கும் குறைந்த காலத்தில் அவர் செய்த இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். பொற்கொல்லர்களை நசுக்கிக் கள்ளக் கடத்தலை வளர்த்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கினார். சிறு விவசாயிகள், கைவினைஞர்களின் வங்கிக் கடனில் 10,000 ரூபா வரை தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தார். கடன் தள்ளுபடி அரச கருவூலத்துக்குப் பெரும் சுமையானது என்ற விமர்சனமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது.

1990 ஒக்டோபரில் அத்வானியின் ரத யாத்திரை அயோத்தியை நோக்கி வந்தது. பீகாரில் அவர் கைது செய்யப்பட்டதும் பாரதிய ஜனதா ஆதரவை விலக்கிக்கொண்டது. பாபரி மஸ்ஜித் விடயத்தில் விட்டுக்கொடுத்துப் பதவியைக் காப்பாற்றிக்கொள்வதைவிட விழுந்து போவது மேல் என்று வி. பி. சிங் அரசாங்கம் நவம்பர் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் தோற்று விழுந்தது. பெங்களூர் சிறையில் ஒன்றாக இருந்தவர்களின் பாதைகள் பிரிந்த இடம் அது.

1991 தேர்தலில் ராஜாபூர் மக்கள் தண்டவதேயைத் தோற்கடித்தார்கள். இருபது வருடங்கள் அவர் கேட்டுக்கொண்டிருந்த ரயில்பாதைக்கு அப்போதுதான் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மலைகளைக் குடைந்து 90இற்கும் மேற்பட்ட சுரங்கங்கள், ஏறக்குறைய 2,000 பாலங்கள், சுமார் 740 கிலோமீற்றர். 1998 ஜனவரி 26ஆம் திகதி முழுப் பாதையும் திறந்தது. அப்போது அவர் எம்.பி.யும் அல்ல, அமைச்சரும் அல்ல. ஆனால் ராஜாபூருக்கு ரயில் வந்துவிட்டது.

2005 நவம்பர் 12ஆம் திகதி மும்பாயில் காலமானார். அவருடைய விருப்பப்படி உடல் ஜே. ஜே. மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது, மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காக. எமது மார்க்க நடைமுறை வேறு. ஆனாலும் ஓர் ஆசிரியர் கடைசியாக எதை நினைத்துப் போனார் என்பது விளங்குகிறது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம்?

மட்டக்களப்போடு நின்றுவிட்ட ரயில்பாதை கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை வர வேண்டும் என்பது எமது பகுதியின் பழைய கோரிக்கை. தேர்தல் வரும்போது அது மேடையேறும், தேர்தல் முடிந்ததும் இறங்கிவிடும். கொங்கண் மக்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ரயிலைக் கொண்டு வந்தது ஒருவரின் செல்வாக்கு மட்டுமல்ல. ஓர் எம்.பி. விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்தார். இது எங்கள் ஊருக்கு என்று மட்டும் கேட்காமல், இது எத்தனை மாநிலத்துக்குப் பயன்படும் என்று கணக்குக் காட்டினார்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் வைத்திருந்தார்கள். எமது கோரிக்கைக்கு அந்தக் கணக்கு எங்கே? தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாதை என்ன செய்யும் என்று ஒன்றாக அமர்ந்து எழுதிய ஓர் ஆவணம் எம்மிடம் இருக்கிறதா?

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் "ஊருக்கு என்ன கொண்டு வருவீர்கள்?" என்று கேட்போம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: "உங்களுக்கு ஓர் அமைச்சுக் கிடைத்தால், அந்தத் துறையில் ஆகக் கடைசியில் நிற்பவனுக்கு என்ன செய்வீர்கள்?" பதவி ஓர் அமானிதம் என்று மேடையில் சொல்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1980 ஜூலையில் வேலை இழந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எமது ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், அந்த நாட்களில் குடும்பம் எப்படிச் சமாளித்தது என்று உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். தண்டவதே திரும்ப அழைத்த மனிதர்களைப் பற்றி இந்தியாவில் எழுதியிருக்கிறார்கள். இங்கே யாரும் திரும்ப அழைக்காத மனிதர்களைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.